யாரோட பண்டிகை?

சோவியத் யூனியன் உடைஞ்சதுக்கு அப்புறம் இருபது வருஷத்துல 60,000-க்கும் அதிகமான ரஷ்யக் குழந்தைகள் அமெரிக்க வீடுகளுக்குத் தத்துப்பிள்ளைகளாப் போனாங்க. அந்த வீடுகள்ல பல பேர் ரஷ்யப் பண்டிகைகளையும் விடாம கொண்டாடுறாங்க. "அதான் அமெரிக்கப் பிள்ளைங்களா ஆயாச்சே, இன்னும் எதுக்கு இதெல்லாம்?"னு கேக்கறவங்க உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆனா நாட்டோட பண்டிகை வேற, பிள்ளையோட பண்டிகை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கலை.

ஜூன் 12 ரஷ்ய தினம், நவம்பர் 4 தேசிய ஒற்றுமை தினம். ரெண்டாவது 2005-லதான் கொண்டாட ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் அரசாங்கம் குடுத்த லீவு, அவ்ளோதான். இதுக்காகக் கொடி வாங்கி வீட்டுல மாட்டுறது கொஞ்சம் ஓவர்.

புத்தாண்டு அப்படி இல்லை. ரஷ்யாவுல அதுதான் பெரிய பண்டிகை. யோல்கா மரம், பரிசு கொண்டுவர்ற தேத் மரோஸ் தாத்தா, கூடவே பேத்தி ஸ்னெகூரச்கா. குழந்தைகள் இல்லத்துல வளர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும். எங்க டீம்ல ஒரு அமெரிக்கர், 2010-ல அஞ்சு வயசுப் பொண்ணைத் தத்தெடுத்தவர். முதல் வருஷம் ரஷ்யத் தலை அலங்காரம், மரப்பொம்மைன்னு ஏகப்பட்டது வாங்கி வச்சாராம். பொண்ணு எதையும் சீண்டலை. மாண்டரின் ஆரஞ்சைப் பாத்ததும் ஒண்ணை எடுத்து உரிச்சு, தோலை மோந்து பாத்துட்டே உக்காந்திருந்தாளாம். ரஷ்யாவுல புத்தாண்டுக்கு அந்த வாசம்தான். கடையில வாங்குன கலாச்சாரத்தை விட இது எவ்வளவோ மேல்!

இந்தப் புத்தாண்டுலதான் கொடுமையும் நடந்துச்சு. அமெரிக்கா மாக்னிட்ஸ்கி சட்டம் போட்ட கோபத்துல, அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுக்கக் கூடாதுன்னு புடின் 2012 டிசம்பர் 28-ல கையெழுத்துப் போட்டார். அமலுக்கு வந்த தேதி? 2013 ஜனவரி 1. நேர்ல போய்ப் பாத்து, மடியில வச்சிருந்து, "சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறோம்"னு சொல்லிட்டு வந்தவங்க அப்படியே நின்னாங்க. இது பாரபட்சம்னு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2017 ஜனவரியில. நாலு வருஷம்! குழந்தை அதுக்காக வளராம காத்துக்கிட்டா இருக்கும்?

அடுத்து மார்ச் 8. பேரு என்னவோ மகளிர் தினம். ஆனா ரஷ்யப் பாலர் பள்ளிகள்ல அன்னிக்கு அம்மாவுக்குக் காகிதப்பூ செஞ்சு குடுத்து, கவிதை சொல்லுவாங்க. இல்லத்துல இருக்கற குழந்தை யாருக்குக் குடுக்கும்? இன்னொண்ணும் இருக்கு. இல்லத்துல இருக்கற எல்லாரும் அப்பா அம்மா செத்துப்போன குழந்தைங்க இல்லை. பெத்தவங்களோட உரிமையைக் கோர்ட் பறிச்சதால வந்தவங்க நிறைய. அதாவது, பெத்த அம்மா எங்கயோ உயிரோட இருக்கலாம். வளர்க்கிற அம்மாவுக்கு இந்த நாளைத் தாண்டுறது லேசு இல்லை. பேசாம கடந்து போயிடலாம்னு தோணும். போகக் கூடாதுங்கறது என் கட்சி. பிள்ளை ரெண்டு பூ செஞ்சா ரெண்டையும் வாங்கி வைங்க. ரெண்டாவது யாருக்குன்னு துருவ வேணாம்.

எனக்கே முடிவெடுக்கக் கஷ்டமா இருக்கறது மே 9, வெற்றி தினம்தான். ஹிட்லரை எதிர்த்த போர்ல சோவியத் பக்கம் செத்தவங்க சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். 2012-ல தோம்ஸ்க் நகரத்துல ஆரம்பிச்ச 'அழியாப் படை' ஊர்வலத்துல, அவங்கவங்க வீட்டுத் தாத்தா படத்தைத் தூக்கிட்டு நடப்பாங்க. தத்துப்போன பிள்ளை யார் படத்தைத் தூக்கும்? கொள்ளுத்தாத்தா பேரு எந்த ஃபைல்லயும் இருக்காது. ஆனா அந்த 2 கோடியே 70 லட்சத்துல அவரும் இருந்திருக்கலாம் இல்லையா? டாங்கி அணிவகுப்பை டிவியில போட வேணாம். 2022-ல உக்ரைன்ல நுழைஞ்சதுக்கு அப்புறம் அதை எந்த முகத்தோட பாக்கறது? சத்தமில்லாம ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சாப் போதும், படம் இல்லாமலே.