அதட்டாமல் பழக்குவோம்



நடக்கத் தொடங்கிய பிள்ளை முற்றத்தில் மலம் கழித்தால், “பச்சைப் பிள்ளைதானே” என்று மண்ணைப் போட்டு மூடிவிடுகிறோம். அதே பிள்ளை தொழுகைப் பாயில் சிறுநீர் கழித்தாலோ முதுகில் ஓர் அடி வைக்கிறோம். இரண்டுமே பிழை. முதலாவது கிணற்றைக் கெடுக்கும். இரண்டாவது பிள்ளையைக் கெடுக்கும்.

பருத்தித்துறை உட்பட யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடி நீரே ஆதாரம். நிலத்தின் அடியில் இருப்பதோ வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே சேரும் அசுத்தம் சரிவர வடிபடாமலே கிணற்றுக்குப் போய்விடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் பல குடியேறிய கற்பிட்டிப் பகுதி மணற்பாங்கானது. அங்கும் ஆழமற்ற கிணறுகளே. பெரியவர்களின் மலத்தைப் போலவே பிள்ளையின் மலத்திலும் வயிற்றோட்டக் கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கலாம். எனவே அதை உடனே அள்ளி மலசலகூடத்தில் இட்டு, உங்கள் கையையும் பிள்ளையின் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

பழக்குவதை எப்போது தொடங்குவது? வயதை மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் ஆயத்தமாகிறார்கள். இரண்டு மணி நேரமாவது உடுப்பு நனையாதிருப்பது, சொன்னதை விளங்கிக்கொள்வது, வருவதைச் சொல்லாலோ முகத்தாலோ காட்டுவது ஆகியவையே அடையாளங்கள்.

காலையில் எழுந்ததும், சாப்பிட்டுச் சற்று நேரத்திலும் இருத்திப் பாருங்கள். நம் உம்மும்மாமார் கால்களை நீட்டி, பாதங்களின் மேல் பிள்ளையை இருத்திப் பழக்கினார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் இருக்கையும் நல்லதே. ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். போகும்போது இடது காலை முன்வைக்கவும், வெளியே வரும்போது வலது காலை முன்வைக்கவும் இப்போதே காட்டிக்கொடுங்கள்.

அடித்தால் என்ன நடக்கும்? பயந்த பிள்ளை மலத்தை அடக்கும். மலம் இறுகும், இறுகினால் நோகும், நோவுக்குப் பயந்து மேலும் அடக்கும். இரவில் பாய் நனைவது ஐந்து வயதுவரைகூடச் சாதாரணமே.

பள்ளிவாசலுக்குள் நாட்டுப்புற அரபி ஒருவர் சிறுநீர் கழித்தபோது தோழர்கள் அவரைத் தடுக்கப் பாய்ந்தார்கள். நபி (ஸல்) அவர்களோ, இடையில் தடுக்காது முடிக்க விடச் சொன்னார்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். வளர்ந்த மனிதருக்கே இந்தப் பொறுமை காட்டப்பட்டதென்றால், இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம் காட்ட வேண்டியது எவ்வளவு!

சுத்தம் செய்யும் முறையையும் நினைவில் வையுங்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட, பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்தால் போதும். பெண் குழந்தையானாலும், உணவு உண்ணும் பிள்ளையானாலும் கழுவவே வேண்டும். நஜீஸான துணியை வாளித் தண்ணீருக்குள் போட்டால் அந்தத் தண்ணீரும் நஜீஸாகிவிடும். முதலில் அசுத்தத்தை நீக்கி, துணியின் மேல் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

நம் பிள்ளைகளைச் சுத்தத்தை விரும்புவோராகவும், நம்மைப் பொறுமையுள்ள தாய்மாராகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.