விசா முடிந்துவிட்டது... அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்தில் ஏறலாமா?

அமெரிக்காவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் மதுரை வீடுகளில் பழகிப்போன ஒரு பதில் உண்டு: “விசா ஸ்டாம்பிங் முடிஞ்சிருச்சு, இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது.” எச்-1பி விசாவில் இருப்பவர் ஊருக்கு வந்தால், திரும்பிப் போவதற்கு முன் சென்னை போன்ற ஏதாவது ஒரு தூதரகத்தில் புது விசா வாங்கியாக வேண்டும். விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளப் பக்கங்களையும் ஆராயும் நடைமுறை 2025 டிசம்பர் 15-ல் வந்தது. அதையொட்டி இந்தியாவில் பலரது நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. சிக்கிக்கொள்ள வேண்டாம் என்று பலர் அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

சரி, அங்கேயே இருப்பவர் டல்லாஸிலிருந்து சியாட்டில் போக விமானம் ஏறலாமா? பாஸ்போர்ட்டில் விசா தேதி தாண்டிவிட்டதே, பிடிப்பார்களா?

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. விசா முடிந்தும் ஐ-94 தேதி பாக்கி இருந்தால், நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள். உள்நாட்டு விமானத்தில் தாராளமாகப் போகலாம். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் கேட்பது அடையாள அட்டைதான். 2025 மே 7 முதல் ‘ரியல் ஐடி’ தரத்திலான ஓட்டுநர் உரிமம் வேண்டும். அது இல்லையென்றால் இந்திய பாஸ்போர்ட்டே போதும்.

வேலை நீட்டிப்புக்கு உரிய நேரத்தில் விண்ணப்பித்து, முடிவு வருவதற்குள் ஐ-94 முடிந்துபோனால்? அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். பயணத்தின்போது விண்ணப்ப ரசீதான ஐ-797 நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது. 18 வயதைத் தாண்டிய வெளிநாட்டினர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐ-94 அந்த ஆவணங்களில் ஒன்று.

பிறகு ஏன் பயம்?

விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ, உள்நாட்டுப் பயணிகளின் பெயர்ப் பட்டியலைக் குடியேற்றச் சட்ட அமலாக்கத் துறையான ‘ஐஸ்’ உடன் பகிர்வதாக 2025 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதம், பாஸ்டனிலிருந்து டெக்சாஸில் உள்ள குடும்பத்தைப் பார்க்கக் கிளம்பிய 19 வயது கல்லூரி மாணவி விமான நிலையத்திலேயே பிடிக்கப்பட்டு, ஹோண்டுராஸுக்கு அனுப்பப்பட்டார். சிறுவயதில் போடப்பட்ட நாடு கடத்தல் உத்தரவைக் காரணமாகக் காட்டினார்கள்.

இது விசா தேதி முடிந்த எச்-1பி ஊழியரின் கதை அல்ல. ஆனால், ‘உள்நாட்டு விமானம்தானே, யார் பார்க்கப்போறா?’ என்று இனி இருக்க முடியாது. ஐ-94 தேதியும் தாண்டி, விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லாதவர், டிக்கெட் போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் சரி.

மலேசியாவில் கணக்கே வேறு

இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் போய் 30 நாள் தங்கலாம். அந்த 30 நாளைத் தாண்டியவர் கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கோ கூச்சிங்குக்கோ பறந்தால், இறங்கும் இடத்தில் குடிநுழைவுச் சோதனை காத்திருக்கும். சபா, சரவாக் இரண்டுக்கும் குடிநுழைவில் தனி அதிகாரம் உண்டு. உள்நாட்டு விமானம் என்றாலும் பாஸ்போர்ட் காட்டியாக வேண்டும். அனுமதிக்கு மேல் தங்கியது நீதிமன்றத்தில் உறுதியானால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கிளம்பும் முன் என்ன பார்க்கணும்?

அமெரிக்காவில் இருப்பவர்கள் ஐ-94 தேதியை எல்லைக் காவல் துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கிருந்தபடியே நீட்டிப்பு வாங்கியவர்களுக்குப் புது ஐ-94, ஐ-797 ஒப்புதல் தாளின் அடியில் இருக்கும். இன்னொன்று: பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப்போகிறது என்றால், நுழையும்போது தரும் ஐ-94-ஐயும் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவது உண்டு. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குப் பிரச்சினை தலைகீழ். அவர்களின் விசா 10 வருடத்துக்குச் செல்லும்; தங்கும் அனுமதியோ வழக்கமாக 6 மாதம்தான். ‘விசா இன்னும் இருக்கே’ என்று 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டுத் திரும்பினால் 3 ஆண்டும், ஓராண்டு தாண்டினால் 10 ஆண்டும் மறுபடி நுழையத் தடை. அதனால் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். முதலில் ஐ-94-ஐப் பாருங்கள்.