இடமும் விரைவும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் கணினி விளையாட்டில் ஈடுபாடு கொண்ட மாணவர் பலர் உளர். ஆட்டத்தின் நடுவே காட்சி திக்கி நின்றால், 'ரேம் போதவில்லை. இன்னொன்று வாங்க வேண்டும்' என்று அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். மின்சார வண்டியில் எழும்பூர் சென்று, அங்கிருந்து அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவை அடைகின்றனர். பணம் கொடுப்பவரோ பெற்றோர். ஆதலின் அம்முடிவு சரியானதா என்று ஆராய்தல் தகும்.

ரேம் என்பது கணினி வேலை செய்யும்பொழுது பயன்படுத்தும் நினைவகம். சேமிப்பகத்தில் உறங்கும் படங்களும் ஒலிகளும் கட்டளைகளும் ஆட்டம் தொடங்கியதும் அங்கு வந்து தங்குகின்றன. இடம் போதாவிடின், கணினி அவற்றுள் சிலவற்றைச் சேமிப்பகத்திற்கு அனுப்பிவிட்டு, வேண்டும்பொழுது மீண்டும் அழைக்கிறது. சேமிப்பகம் நினைவகத்தைவிட மிக மெதுவானது. காட்சி திக்குவது அதனாலேயே. இடம் போதுமான அளவு இருப்பின், மேலும் சேர்க்கும் நினைவகம் வாளா கிடக்கும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார வண்டி 1931-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் ஒன்பது பெட்டிகளோடு ஓடிய வண்டிகள் பன்னிரண்டு பெட்டிகள் பெற்றன. காலை நெரிசலில் ஏற முடியாமல் நடைமேடையில் நின்றவர்க்கு அது பெரும் உதவி. ஆனால், பெட்டி கூடியதால் வண்டியின் வேகம் கூடிற்றா? இல்லை. வேகத்தை வகுப்பவை மோட்டாரும் தண்டவாளமும் சைகையுமே. நண்பகல் வண்டியில் பெட்டிகள் பல காலியாகவே செல்லும். மேலும் மூன்று பெட்டிகள் சேர்த்தால் காலி இருக்கைகளே மிகும். நினைவகமும் அத்தகையதே.

எனவே, வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தலே அறிவுடைமை. அதற்குச் செலவு ஏதும் இல்லை. விண்டோஸ் கணினியில் உள்ள டாஸ்க் மேனேஜர், ஆட்டம் நடக்கும்பொழுது நினைவகத்தில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதைக் காட்டும். ஏறக்குறைய முழுதும் நிரம்பியிருந்தால் வாங்குவது முறை. இன்றைய பெரிய விளையாட்டுகள் பல 16 ஜி.பி. கேட்கின்றன; 8 ஜி.பி. மட்டும் உடையவன் அதனை இரட்டிப்பாக்குவது வீண் அன்று. பாதி காலியாக இருந்தாலோ, குறை வேறிடத்தில் உள்ளது. அது கிராபிக்ஸ் கார்டின் வலிமைக் குறைவாக இருக்கலாம். விசிறியில் படிந்த தூசியாகவும் இருக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசி துடைக்கப் பழந்துணியும் சிறு தூரிகையும் போதுமே!

2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் விரைந்து ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கென எழுந்த பெருங்கணினிக் கூடங்கள் சில்லுகளைப் பெருவாரியாக வாங்கியதே காரணம். அளவாமல் வாங்குவோர்க்கு நேரும் இழப்பும் அதனால் பெருகியது.

அளந்து, தேவை என்று தெளிந்தவனும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு ரேம்களை உரிய இடங்களில் செருகினால், பெரும்பாலான கணினிகளில் செய்திகள் இருவழிப் பாதையில் செல்லும். ஒற்றை ரேமைவிட அது நன்று. மேலும், டி.டி.ஆர். 4 வகைக்கு உரிய மதர்போர்டில் டி.டி.ஆர். 5 பொருந்தாது, இரண்டிலும் வெட்டு வெவ்வேறிடத்தில் உள்ளது. கடைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே வகையைக் குறித்துக்கொண்டால், தாம்பரத்திலிருந்து இரண்டாம் முறை வண்டி ஏற வேண்டியிராது.