இல்லிக்குடமும் நிறையும்

மக்கள் யாவரும் ஒரு தன்மையர் அல்லர். நெடியவர் உளர், குறியவர் உளர். கூரிய பார்வை உடையார் உளர்; பார்வை மங்கினாரும் உளர். உயரத்தில் உள்ள பொருளை எட்ட இயலாத ஒருவனுக்கு மணை ஒன்றை இட்டு உதவுகிறோம். ‘நீ ஏன் வளரவில்லை?’ என்று அவனைச் சினப்பதில்லை. கண்ணொளி குறைந்தவர் மூக்குக்கண்ணாடி அணிந்தால், அதனை யாரும் சலுகை என்று கூறுவதில்லை. ஆயின், உடலின் வேறுபாடு கண்ணுக்குப் புலனாகின்றது; உள்ளத்தின் வேறுபாடு அவ்வாறு புலனாவதில்லை. ஆதலின், சொன்னதை மறந்தவனையும் எழுத்தை விரைந்து படிக்க இயலாதவனையும் ‘கருத்தில்லாதவன்’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் ஏசிவிடுகிறோம். இவ்வேச்சு மிகுதியாகக் கேட்கும் இடங்கள் இரண்டு. ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று தொழில் புரியும் இடம். பின்னதைப் பற்றியே இங்குக் கூற விழைகிறேன். எனினும், முன்னதைத் தொடாமல் பின்னதைக் கூறல் இயலாது.

நினைவாற்றல் மனிதர்க்கு மனிதர் எத்துணை வேறுபடுகின்றது! கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907 ஆம் ஆண்டில் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அவையில் நூறு பொருள்களில் கருத்தைச் செலுத்தி, ஒன்றும் வழுவாமல் விடை பகரும் அருங்கலை அது. அதற்குப் பதினோர் ஆண்டுகள் முன்னர், 1896 ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன் என்பார் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அச்சிறுவன் அறிவுக் கூர்மை உடையவன், கணக்கில் வல்லவன், விளையாட்டில் பிறர்க்குப் பின்னிடாதவன், கண்ணிலும் பழுதில்லை. ஆயினும், பல ஆண்டுகள் முயன்று கற்பித்தும் அச்சிட்ட சொற்களைப் படிக்க அவனால் இயலவில்லை. தன் பெயரையே எழுத்து முறை மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின், பள்ளியில் அவனே முதல்வனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அவனுக்கு இருந்த இடர்ப்பாட்டை இக்காலத்து அறிஞர் ‘டிஸ்லெக்சியா’ என்பர். அது மூளை எழுத்தை ஏற்கும் முறையில் உள்ள வேறுபாடு. அறிவின் குறையும் அன்று, முயற்சியின் குறையும் அன்று.

இவ்வுண்மையை நான் காலங்கடந்தே உணர்ந்தேன். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் மாணாக்கரை மூவகையாகப் பகுக்கின்றது. அன்னமும் ஆவும் போல்வார் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடை மாணாக்கர். இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். ஊற்றிய நீரெல்லாம் ஒழுகிவிடுவது போலக் கேட்டதெல்லாம் மறந்துவிடும் மாணாக்கனுக்கு அது உவமை. நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நாளில், செய்யுளை நாலடி சேர்ந்தாற்போல் ஒப்புவிக்க இயலாத மாணவன் ஒருவனை வகுப்பு நடுவே நிறுத்தி, ‘இல்லிக்குடம்’ என்று அழைத்தேன். வகுப்பு நகைத்தது. அப்பெயரே அவனுக்கு நிலைத்தது. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அதே பாயிரம், பாடம் சொல்லும் முறையையும் வகுக்கின்றது. கேட்பவன் எவ்வழியால் கொள்ள வல்லவன் என்பதை அறிந்து, அவன் உள்ளத்தில் பதியுமாறு உரைத்தல் ஆசிரியன் கடன் என்பது அங்கே பெறப்படுகின்றது. இரண்டு நூற்பாக்களையும் நான் மனப்பாடம் செய்தவனே. மாணவனைப் பழிக்க உதவும் நூற்பா எனக்கு உரிய பொழுதில் நினைவுக்கு வந்தது. என் கடமையைச் சுட்டும் நூற்பா வரவில்லை. இப்பொழுது எண்ணிப் பார்க்கிறேன்: அன்று மறந்தவன் அம்மாணவனா, நானா?

ஓய்வு பெற்றபின், அச்சுக்கூடம் ஒன்றில் சில காலம் மெய்ப்புத் திருத்தும் பணி செய்தேன். அங்குப் பைண்டிங் பகுதியில் இருபது வயது இளைஞன் ஒருவன் இருந்தான். ஊசி பிடிக்கும் கை நேர்த்தியானது. பசை தடவினால் விளிம்பில் ஒரு துளியும் கசியாது. ஆயின், அவனிடம் குறைகள் இரண்டு இருந்தன. மூன்று ஏவல்களை ஒருசேரக் கூறினால், முதலாவது மட்டுமே அவன் நினைவில் நிற்கும். எண்களைப் படிக்குங்கால் 12 அவனுக்கு 21 ஆகவும், 6 அவனுக்கு 9 ஆகவும் தோன்றும். நகையாடுவார்களே என்னும் அச்சத்தால், சொன்னவை அனைத்தும் விளங்கியவன் போலத் தலையசைத்துவிடுவான்.

நூலின் பக்கங்களைப் பதினாறு பதினாறாக ஒரு தாளில் அச்சிட்டு மடிப்பர். அம்மடிப்பினை அச்சுத் தொழிலாளர் ஃபாரம் என்று வழங்குவர். 352 பக்கங்கள் கொண்ட நூலுக்கு 22 ஃபாரங்கள். அவற்றை எண் முறைப்படி அடுக்கித் தைத்தல் வேண்டும். ஒருநாள் 12 ஆம் ஃபாரமும் 21 ஆம் ஃபாரமும் இடம் மாறி, ஏறத்தாழ 200 படிகள் தைக்கப்பட்டுவிட்டன. உரிமையாளர் சினந்தார், இளைஞனை வேலையினின்று நீக்கவும் முற்பட்டார். அப்பொழுது அப்பகுதியின் மூத்த தொழிலாளர் முன்வந்து, “ஐயா, தம்பியின் கையில் குற்றமில்லை. எண்தான் அவனை ஏமாற்றுகிறது. எண் இல்லாமலே அடுக்க வழி இருக்கிறது, ஒரு மாதம் பொறுங்கள்” என்று வேண்டினார்.

அவர் காட்டிய வழி யாது? ஒவ்வொரு ஃபாரமும் மடிபடும் முதுகில் சிறிய கறுப்புக் கோடு ஒன்றை அச்சிடச் செய்தார். முதல் ஃபாரத்தில் அக்கோடு மேலே இருக்கும். அடுத்ததில் சற்றுக் கீழே. அதற்கடுத்ததில் மேலும் கீழே. ஃபாரங்களை முறையாக அடுக்கினால், நூலின் முதுகில் அக்கோடுகள் படிக்கட்டுப் போல் இறங்கிச் செல்லும். ஒன்று மாறினும், ஒன்று குறையினும், படி உடைந்து தோன்றும். இது புதுக் கண்டுபிடிப்பன்று. நூற்கட்டுத் தொழிலில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையே. வேலை குறையட்டும் என்று அவ்வச்சுக்கூடத்தார் அதனைக் கைவிட்டிருந்தனர். சோம்பல் யாருடையது என்பதை நீங்களே உய்த்துணர்க!

அம்முதியவர் அதனோடு நின்றாரல்லர். அன்றன்றைய வேலைகளை வரிசையாகப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் அதற்குரிய சிறு படம் வரைந்து வைத்தார். ஒரு வேலை முடிந்தபின்னரே அடுத்ததைக் கூறினார். கூறியதை இளைஞன் தன் சொல்லால் ஒருமுறை திருப்பிச் சொல்லுமாறு கேட்டார். தவறினால் நகைக்காமல் மறுபடியும் கூறினார். “விளங்கவில்லை என்று சொல்வது குற்றமில்லை, தம்பி, விளங்கியதாகச் சொல்வதுதான் குற்றம்” என்பது அவர் வாக்கு. சில திங்களில், தைக்காத அடுக்குகளைப் பத்தடித் தொலைவில் நின்றே நோக்கி, எதில் படி உடைந்துள்ளது என்று கூற வல்லவனானான் அவ்விளைஞன். அதனினும் வியப்பு ஒன்று உண்டு. அவனைக் கருதிச் செய்த ஏற்பாட்டினால் அவன் பிழை மட்டுமன்றி, ஏனையோர் பிழையும் குறைந்தது. நல்ல நினைவுடையவர் என்று தம்மைக் கருதியிருந்தவரும் பலகையைப் பார்க்கத் தொடங்கினர்.

இதில் வியப்பதற்கு இடமில்லை என்பது பின்னர் விளங்கிற்று. மாந்தர் நினைவு இயல்பாகவே சிறு கலம். ஒரு பொழுதில் ஏறத்தாழ ஏழு செய்திகளையே மனம் தாங்கும் என்று அமெரிக்க உளநூலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956 ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வளவும் அன்று, நான்கே என்பது 2001 ஆம் ஆண்டில் நெல்சன் கோவன் என்பார் கண்ட முடிவு. அந்நான்கு சிலர்க்கு மூன்றாகும், சிலர்க்கு இரண்டாகும். வேறுபாடு அளவில்தானேயன்றி, மறவாதார் என ஓரினம் உலகில் இல்லை.

தேர்ந்தவரும் மறப்பர் என்பதற்குச் சான்று ஒன்று கூறுவேன். 1935 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள், அமெரிக்காவில் டேட்டன் நகருக்கு அருகே, போயிங் நிறுவனத்தின் புதிய பெரும் விமானம் ஒன்று சோதனைக்காகப் புறப்பட்டது. அதனைச் செலுத்தியவர் பயிற்சி மிக்க படைவீரர். நிறுத்தி வைத்திருக்கும்பொழுது விமானத்தின் இயக்கப் பகுதிகள் காற்றில் ஆடாதவாறு இடும் பூட்டு ஒன்றை நீக்காமலே அது மேலெழுந்தது; சிறிது உயர்ந்து, நிலைகுலைந்து வீழ்ந்து எரிந்தது. அவ்விபத்தால் இருவர் உயிர் நீத்தனர். அதன்பின், இனி விமானிகள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று அறிவுரை கூறியதோடு அத்துறையார் அமையவில்லை. புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். 2008 ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அறுவை மருத்துவர்க்கும் 19 செய்திகள் அடங்கிய அத்தகைய பட்டியல் ஒன்றை வெளியிட்டது. விமானிக்கும் மருத்துவர்க்கும் பட்டியல் இழிவாகாதெனின், பைண்டிங் தொழிலாளிக்கு மட்டும் எங்ஙனம் இழிவாகும்?

‘இவ்வாறெல்லாம் இடங்கொடுத்தால், கவனமின்மை வளராதோ?’ என்று வினவுவாரும் உளர். வினா நேரியதே. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்து மறதியைக் கடிந்தார். ஆயின், அவர் கடிந்த மறதி எது? உவகைக் களிப்பால் தன் கடமையைச் சோரவிடும் மறதி. அது மனத்தின் செருக்கால் வருவது. நான் கூறுவது இயற்கையின் அமைப்பால் வருவது. இரண்டையும் பிரித்தறிதல் அரிதன்று. பட்டியலைக் கையில் கொடுத்தால், செருக்குடையவன் அதனைப் புறந்தள்ளுவான். இயலாதவன் அதனை ஊன்றுகோலாகப் பற்றிக்கொள்வான். பட்டியலும் பொருந்தாதாயின், படமோ வாய்மொழியோ பொருந்தும். எது பொருந்தும் என்று அவனையே கேட்டறியலாம். யாருக்கு எத்தொழில் இயலும் என்று ஆராய்ந்து ஒப்படைத்தலைத் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில் அதே வள்ளுவர் தலைவனுக்கே கடமையாக்கினார் என்பதையும் மறத்தலாகாது.

இன்று இஃது அருளாளர் ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்தது மட்டுமன்று. நாட்டின் சட்டமும் ஆகும். 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கூறிற்று. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வேழினை 21 ஆக விரித்து, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. பிறரோடு ஒப்பத் தம் உரிமையைத் துய்ப்பதற்கு வேண்டிய தக்க மாற்றங்களை, அளவு மீறிய சுமை ஆகாத வகையில் செய்து தருதலை அச்சட்டம் வற்புறுத்துகின்றது. ஆயினும், சட்டம் வாயிலைத் திறக்கும்; உள்ளே இருப்பாரின் நாவை அடக்காது. நகைக்கும் நா இருக்கும் வரை, இயலாதவன் தன் இயலாமையை மறைப்பான். மறைத்த குறைக்கு உதவி செய்வார் யார்?

இளைஞர்களே! நீங்கள் நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் கடைகளிலும் பணிபுரிவீர்கள். சிலர் பிறரை ஏவும் நிலையிலும் இருப்பீர்கள். உங்கள் அருகில் ஒருவர் மறந்தால், ‘இவர் ஏன் மறந்தார்?’ என்று கேட்பதோடு நில்லாதீர்கள். ‘இவர் மறவாதிருக்க இங்கு என்ன ஏற்பாடு உளது?’ என்றும் கேளுங்கள். ஒரு பலகை, ஒரு கறுப்புக் கோடு, சற்றுப் பொறுமை ஆகிய இவற்றின் விலை மிகுதியன்று. ஒருவனுடைய வாழ்வைத் தாங்க அவை போதும். உங்களுக்கே அவ்விடர்ப்பாடு இருப்பின், வெளிப்படையாக எடுத்துச் சொல்ல நாணாதீர்கள்.

இல்லிக்குடத்தைக் கரையில் வைத்து நீர் ஊற்றினால் ஒழுகவே செய்யும். அதே குடத்தைக் குளத்து நீருள் அமிழ்த்தி வையுங்கள். அது என்றும் நிறைந்தே இருக்கும். குடத்தை மாற்ற வேண்டுவதில்லை. அது இருக்கும் இடத்தை மாற்றினால் போதும். என் வகுப்பில் எழுந்து நின்ற அம்மாணவனுக்கு இதனைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு இல்லாது போயிற்று. ஆதலின், உங்களுக்குச் சொன்னேன்.