தையல் போட்டதோடு கடமை தீர்ந்துவிடுமா?

"தாயும் சேயும் சுகம்" என்ற செய்தி எட்டியதும் நம் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்குகிறது. கற்கண்டு வழங்குகிறோம், சாதகம் குறிக்கிறோம், பிள்ளை யாரைப் போல என்று செல்லமாக வாதிடுகிறோம். ஆனால் அந்தத் தாய் நேராக உட்கார ஏன் அஞ்சுகிறாள், மாதங்கள் கழிந்த பின்னும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் வர ஏன் மறுக்கிறாள் என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்க நமக்கு நாணம். சொல்ல அவளுக்கு நாணம். இவ்விரு நாணங்களுக்கும் நடுவே அகப்பட்டு நலிந்து போகும் பெண்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டும்.

பிள்ளை பிறக்கும்போது பிறப்பு வாயிலுக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட பகுதி கிழிவது அரிதன்று. வைத்தியர்கள் அதனை நான்கு படிகளாக வகுத்துள்ளனர். தோல் மட்டும் கிழிவது முதலாம் படி. அதன் கீழுள்ள தசையும் கிழிவது இரண்டாம் படி. இவை பெரும்பாலும் விரைவில் ஆறிவிடும். மலவாசலை மூடிக் காக்கும் வளையத் தசை வரை கிழிவு சென்றால் அது மூன்றாம் படி. அதனையும் கடந்து மலக்குடலின் உட்சவ்வு வரை கிழிந்தால் நான்காம் படி. வாயுவையும் மலத்தையும் நம் விருப்பப்படி அடக்கிவைக்கும் ஆற்றலைத் தருவது அந்த வளையத் தசையே. அது செவ்வனே பொருந்தி ஆறாவிட்டால், இருபத்தைந்து வயது நங்கை முதுமைக்குரிய அவதியை இளமையிலேயே சுமக்க நேரிடும்.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் விபத்து என்று தள்ளிவிட முடியாது. பிரித்தானியாவின் அரச மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர் கல்லூரி 2015 இல் வெளியிட்ட வழிகாட்டல், அங்கு முதற் பிள்ளை பெறும் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேருக்கு இக்கடுங் கிழிவு ஏற்படுவதாகக் கூறுகிறது. தலைப்பிரசவம், நான்கு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தை, ஆயுதம் கொண்டு பிள்ளையை வெளியெடுத்தல் ஆகியவற்றோடு, ஆசிய வழியினராக இருத்தலையும் அபாயத்தை மிகுவிக்கும் காரணங்களுள் ஒன்றாக அது எண்ணுகிறது. ஆகவே, "இது நமக்குரிய பேச்சன்று" என்று எவரும் ஒதுங்கிவிட இயலாது.

அதே வழிகாட்டலில் ஆறுதலும் உண்டு. உரிய முறையில் தைக்கப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வரை ஓராண்டின் பின் எத்தொல்லையும் இன்றி வாழ்கின்றனர். "உரிய முறை" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிரசவம் முடிந்ததும் மலவாசலையும் சேர்த்துக் கவனமாகப் பரிசோதித்தல் வேண்டும். இல்லையேல் உள்ளே கிழிந்த தசை கண்ணுக்குத் தப்பிவிடும். பின்னர் நல்ல வெளிச்சமுள்ள சத்திரசிகிச்சைக் கூடத்தில், மரக்கச் செய்து, பயிற்சி பெற்ற கையே தைத்தல் வேண்டும். கிருமிக்கெதிரான மருந்தும், மலத்தை இளக்கும் மருந்தும் கொடுத்தல் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் அழைத்துப் பார்த்தல் வேண்டும். இடுப்படித் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைக் கற்பித்தல் வேண்டும். தொல்லை நீடித்தால் சிறப்பு வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். அடுத்த பிள்ளையை எவ்வாறு பெறுவது என்பதையும் அப்பெண்ணோடு கலந்து பேசியே முடிவு செய்தல் வேண்டும்.

நம் நாடு தாய்மாரைக் காப்பதில் பெரும் புகழ் ஈட்டிய நாடு. 1940களின் நடுப்பகுதியில் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மைக்காலத்தில் அத்தொகை முப்பது, நாற்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், இலவச வைத்தியமும், ஊர் ஊராகச் சென்று உழைத்த மருத்துவ மாதரும் ஈட்டித் தந்த வெற்றி அது. ஆனால் உயிர் தப்பினாள் என்பதோடு கணக்கை மூடிவிடலாமா? மரணத்தை எண்ணிப் பழகிய நாம், உயிரோடிருந்து படும் துன்பத்தை எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. உலகில் ஆண்டுதோறும் குறைந்தது நான்கு கோடிப் பெண்கள் பிள்ளைப்பேற்றினால் நீடித்த உடல்நலக் குறைவுக்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் எடுத்துரைத்தது. அவர்களுள் மலத்தை அடக்க முடியாது அல்லற்படுவோரும் அடங்குவர்.

வீட்டிலுள்ளோர் செய்யவேண்டியதும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில இல்லங்களில் இன்னும் நீங்கவில்லை. பத்தியக் கறியும் சரக்கும் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் தண்ணீரையும் கீரையையும் பழத்தையும் மறுத்தால் மலம் இறுகும். இறுகிய மலம் ஆறிவரும் தையலைச் சோதிக்கும். அவள் தாகம் தீரக் குடிக்கட்டும். காயத்தைச் சுத்தமான நீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைத்து உலர வைக்கட்டும். நோவு நாளுக்கு நாள் கூடினால், காய்ச்சல் அடித்தால், கெட்ட மணம் வீசினால், தையல் பிரிந்தால், வாயுவோ மலமோ அடங்காமற் போனால், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியட்டும் என்று காத்திராது அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்துக் கமக்காரக் குடும்பங்களுக்கு ஒரு சொல். அரசாங்க உத்தியோகத்திலுள்ள பெண்ணுக்குச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. வயலில் களை பிடுங்குபவளுக்கும், தோட்டத்தில் வெங்காயம் கிண்டுபவளுக்கும் விடுமுறை கொடுப்பவர் யார்? கணவனும் மாமியும் கொடுத்தாற்றான் உண்டு. பசுவும் கன்றும் ஈன்றால் ஏரும் வண்டியும் காட்டாது காக்கத் தெரிந்த நமக்கு, பிள்ளை பெற்றவளின் தலையில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் ஏற்றாதிருக்கத் தெரியாதா? வளையத் தசை கிழிந்த பெண்ணுக்கு முதல் ஆறு வாரங்களேனும் பாரம் தூக்கும் வேலை ஆகாது.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது ஆடம்பரம் எதுவுமன்று. குடும்பநல உத்தியோகத்தர் பிரசவத்தின் பின் வீடு தேடி வரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அவர் குழந்தையின் நிறையையும் தொப்புளையும் பார்ப்பதோடு நில்லாது, "வாயுவை அடக்க முடிகிறதா? மலம் உடையில் படுகிறதா? உட்காரும்போது நோகிறதா?" என்று தாயைத் தனியே அழைத்துக் கேட்கட்டும். கேளாதவரை எப்பெண்ணும் இதனைத் தானாகச் சொல்லமாட்டாள். கடுங் கிழிவு நேர்ந்த ஒவ்வொரு பெண்ணின் அட்டையிலும் எத்தனையாம் படி என்பதும், மீண்டும் வரவேண்டிய திகதியும் எழுதப்படட்டும். மாவட்டத்துக்கொரு வைத்தியசாலையிலேனும் இத்தாய்மாருக்கெனத் தனிச் சிகிச்சை நாளும், தசைப் பயிற்சி அளிக்கும் உத்தியோகத்தரும் இருக்கட்டும்.

யாவற்றுக்கும் மேலாக, இவை அனைத்தும் அப்பெண்ணின் தாய்மொழியில் நடைபெறட்டும். உடம்பின் மிக அந்தரங்கமான குறையை, மொழிபெயர்ப்புக்கென அழைக்கப்பட்ட சிற்றூழியர் ஒருவர் முன் எந்தப் பெண் வாய்திறந்து சொல்வாள்? தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதினர். அந்த எழுத்து கச்சேரிப் பலகைக்கு மட்டுமன்று; பிரசவ விடுதியின் கட்டிலருகேயும் அதற்கு உயிர் இருக்கவேண்டும்.

கற்றோரே, கமக்காரரே! உயிரைப் பணயம் வைத்து நம் குலத்தை வளர்ப்பவள் தாய். அவளுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் தையலோடு தீர்வதன்று. அவள் நிமிர்ந்து நடந்து, அச்சமின்றிச் சபையில் அமரும் நாளிலேயே தீரும். அந்நாளை விரைவிற் கொணர, இன்றே அவளிடம் சுகம் கேளுங்கள். அவள் சொல்வதைப் பொறுமையோடு செவிமடுங்கள்.