காலி நாற்காலியும் ஒரு தீர்ப்புதான்!

 

அகரத்திலோ பேகம்பூரிலோ கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லைசென்ஸுக்கு மனுக் கொடுக்கிறீர்கள். ‘முடியாது’ என்று எழுதிக் கொடுத்தால் மேலே அப்பீல் போகலாம். ‘பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க’ என்றால்? எங்கே போவீர்கள்? மறுப்பு கையெழுத்தோடு வரும். கிடப்புக்குக் கையெழுத்தே கிடையாது!

இந்த வித்தை சின்ன அலுவலகத்தோடு நிற்பதில்லை. நாடாளும் இடங்களில் நீதிபதி நாற்காலிகளையே இப்படிக் காலியாக வைக்கிறார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே நீதிபதிகளை ஜனாதிபதி முன்மொழிவார். செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். 2016 மார்ச்சில் ஒபாமா, மெரிக் கார்லண்டை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி அவரை நிராகரிக்கவில்லை, விசாரணைக்கே அழைக்கவில்லை! 293 நாட்கள் ஓடி, முன்மொழிவு காலாவதியானது.

செனட் விடுமுறையில் இருக்கும்போது ஜனாதிபதி தற்காலிக நியமனம் செய்ய அங்கே வழி உண்டு. அதையும் அடைக்க, சில நிமிடமே நடக்கும் பெயரளவுக் கூட்டங்களைப் போட்டார்கள். 2007-ல் புஷ்ஷுக்கு எதிராக அதைச் செய்தது ஜனநாயகக் கட்சி. பிறகு அதே ஆயுதம் ஒபாமா மீது திரும்பியது. 2012-ல் அவர் அதை மீறிச் செய்த நியமனங்கள் செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். கத்தி ஒன்றுதான், பிடிக்கும் கை மட்டும் மாறுகிறது!

அந்தக் கத்தி நம்மவர் மீதும் பாய்ந்தது. அதீல் மங்கி என்ற வழக்கறிஞரை 2023 நவம்பரில் பைடன் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். அமர்ந்திருந்தால் அந்த அடுக்கில் அவரே முதல் முஸ்லிம். சட்டம் பற்றி மட்டுமா கேட்டார்கள்? இஸ்ரேல் பற்றியும் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றியும் குடைந்தார்கள். எதிர்க்கட்சி எதிர்த்தது இருக்கட்டும், பைடனின் சொந்தக் கட்சியிலேயே சிலர் கைவிரித்தார்கள். 2024 முடிவில் வாக்கெடுப்பே இல்லாமல் கதை முடிந்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது? நீதிபதி அகில் குரேஷியை மத்தியப் பிரதேசத் தலைமை நீதிபதியாக்க 2019 மே மாதம் கொலீஜியம் பரிந்துரைத்தது. மற்றவர்களின் கோப்புகள் நகர்ந்தன, இவருடையது நகரவில்லை. பொறுப்புத் தலைமை நீதிபதி ஒருவரை வைத்து ஓட்டினார்கள். கடைசியில் கொலீஜியமே இறங்கிவந்து அவரைத் திரிபுராவுக்கு மாற்றிப் பரிந்துரைத்தது. அவருடைய தீர்ப்புகளை வைத்தே அரசு அவரைப் பற்றி எதிர்மறையாக எண்ணியது என்பது, அன்றைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோயின் சுயசரிதை வழியாகப் பின்னர்தான் வெளிவந்தது. உச்ச நீதிமன்றம் போகாமலேயே 2022 மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றார்.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமே நேர்வது என்று எண்ணிவிடாதீர்கள். 2022 ஜூன் முதல் 2024 ஆகஸ்ட் வரை தமிழ்நாடு தேர்வாணையத்துக்கு முழுநேரத் தலைவர் இல்லை. மாநில அரசு பரிந்துரைத்த சைலேந்திர பாபுவின் கோப்பை ஆளுநர் திருப்பி அனுப்பினார். குரூப் தேர்வுக்குப் படித்துக் காத்திருந்த பிள்ளைகளில் எல்லாச் சமூகத்தாரும் இருந்தார்கள். நம் மாவட்டக் கல்லூரிகள் பலவும் இணைந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், 2024-ல் துணைவேந்தர் விலகிய பின் ஒருங்கிணைப்புக் குழுவின் பொறுப்புக்குப் போனது.

துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை உள்ளிட்ட 10 மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்தது தவறு என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துக் காலக்கெடுவும் வைத்தது. நவம்பரிலோ, ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. ஆனாலும் காரணமில்லாமல் நெடுநாள் கிடப்பில் போட்டால் நீதிமன்றத்தை அணுகலாம் என்ற கதவை அது மூடவில்லை.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றுதான்: ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள், காலத்தோடு சொல்லுங்கள்! நமக்கு வேண்டிய கட்சி கோப்பை உறங்க வைத்தாலும் இதையே கேட்க வேண்டும். இளைஞர்களே! மாநில, மத்திய அரசுகளின் எந்த ஆணையத்தில் எத்தனை இடம், எந்நாள் முதல் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டியது சட்டம். வியாபாரப் பெருமக்களே! ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்தப் பதிலை நீட்டிக் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். ஜமாஅத் தேர்தலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, பழைய நிர்வாகமே ‘தற்காலிகமாக’ நீடிக்கும் மஹல்லாக்கள் இல்லையா? பதவி ஓர் அமானிதம். உரியவரிடம் ஒப்படைக்காமல் பிடித்துவைப்பது டெல்லியில் நடந்தாலும் தவறு, நம் தெருவில் நடந்தாலும் தவறுதான். அதை முதலில் நம் தெருவில் திருத்துவோம், இன்ஷா அல்லாஹ்!