கோவளத்துக்குப் போய்த் தூங்குங்க

லீவுல ஊருக்குப் போற நம்ம ஜனங்களோட திருவனந்தபுரம் டூர் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். காலையில பத்மநாபசாமி கோயில். அப்புறம் மியூசியம், மிருகக்காட்சி சாலை. சாலை பஜார்ல நேந்திரங்கா சிப்ஸ். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கோவளம். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு கணுக்கால் நனையற வரைக்கும் இறங்கி நாலு போட்டோ எடுப்போம். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் வாட்சைப் பாத்துட்டு, "கிளம்புங்க, கன்யாகுமரியில சூரிய அஸ்தமனம் பாக்க வேணாமா?"ம்பாங்க. மொத்தம் நாற்பது நிமிஷம். கோவளம் "பாத்தாச்சு".

என்னத்தைப் பாத்தீங்க? அது பாக்கற இடமே இல்லைங்க. படுக்கற இடம். மணல்ல ஒரு துண்டை விரிச்சு, முகத்து மேல இன்னொரு துண்டைப் போட்டுக்கிட்டு, அலைச் சத்தத்துல ஒரு மணி நேரம் கண்ணசர வேண்டிய இடம்.

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன். வருஷம் பூரா ஓடிட்டு மூணு வாரம் லீவுல போறோம். அதுல உங்க வீட்டம்மா எத்தனை மணி நேரம் சும்மா இருந்தாங்கன்னு எண்ணிப் பாருங்க. மாமியார் வீடு, பொறந்த வீடு, ரெண்டு கல்யாணம், குலதெய்வம், பேங்க், டெய்லர், பல் டாக்டர். திரும்ப ஃப்ளைட் ஏறும்போது வந்ததை விட அதிகக் களைப்போட ஏறுவாங்க. இதுக்குப் பேரு விடுமுறையா?

சென்னைக்குப் பக்கத்துல ஒரு கோவளம் இருக்கு, கன்யாகுமரிக்குப் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு. நான் சொல்றது திருவனந்தபுரத்துக்குத் தெக்கே பதினாறு கிலோமீட்டர்ல இருக்கறது. லைட்ஹவுஸ் பீச், ஹவ்வா பீச், சமுத்ரா பீச்னு பிறை மாதிரி வளைஞ்ச கரைகள். 1932-ல திருவிதாங்கூர் ராணி சேது லட்சுமி பாய் குடும்பம் அங்கே ஹால்சியன் மாளிகையைக் கட்டினது ஓய்வுக்குத்தான். எழுபதுகள்ல ஹிப்பிகள் வந்து மாசக்கணக்கா படுத்துக் கிடந்தாங்க. அதே காலத்துல அரசு ஹோட்டலுக்காக சார்லஸ் கொரியா குன்றுச் சரிவுல அறைகளைப் படிப்படியா இறக்கி, அறைக்கு அறை வெயில் காயத் திறந்த மேல்தளம் வெச்சார். ராணியும் ஹிப்பியும் கொரியாவும் ஒரே விஷயத்தைத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. பக்கத்து விழிஞ்ஞம் மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிகாலையில கரமடி வலை இழுத்து முடிச்சிட்டு, படகு நிழல்ல தலைக்குத் துண்டைச் சுருட்டி வெச்சுக்கிட்டுத் தூங்குவாங்க. நடுவுல இருக்கற நமக்குத்தான் படுக்கத் தெரியல.

இதுல வேடிக்கை, அந்த ஊருக்கே பேர் கொடுத்தவர் அனந்தன் மேல படுத்திருக்கற பெருமாள். மணிக்கணக்கா க்யூல நின்னு, மூணு வாசல் வழியா அவர் படுத்திருக்கற அழகைச் சேவிச்சிட்டு வர்றோம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆறாட்டுக்காக அவர் சங்குமுகம் கடற்கரைக்கே வர்றார். ஊர்வலம் ஓடுபாதை வழியாப் போறதுக்காக விமானங்களை நிறுத்தி வைக்கறாங்க. சாமி படுத்தா யோக நித்திரை. நம்ம அக்கா படுத்தா மட்டும் "அசிங்கம்".

அதே சங்குமுகத்துல கானாயி குஞ்ஞிராமன் செஞ்ச சாகரகன்யகா சிலை இருக்கு. எண்பது அடிக்கு மேல நீளம், ஒரு பெண் ஹாயா சாஞ்சு படுத்திருப்பா. குடும்பத்தோட அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறோம். சிமெண்ட்ல செஞ்ச பொண்ணு படுக்கலாம், ரத்தமும் சதையுமா இருக்கறவ படுக்கக் கூடாது!

சரி, நம்ம ஆளுங்க சொல்ற சாக்குகளை ஒவ்வொண்ணாப் பாப்போம்.

"கறுத்துடும்." இதுதான் முதல் சாக்கு. பொண்ணு வெயில்ல பத்து நிமிஷம் நின்னா அத்தைமாருக்குத் தூக்கம் போயிடுது. 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி கூட 2020-ல பேரை மாத்திக்கிச்சு, நம்ம வீட்டுப் பேச்சு மாறல. வெயிலால வேற ஆபத்து உண்டு, அதை மறுக்கல. எட்டு டிகிரி அட்சரேகையில மத்தியான வெயில் டிசம்பர்லயும் சுடும். அதனால காலையில ஒன்பதரைக்குள்ள, இல்லைன்னா நாலு மணிக்கு மேல படுங்க. நடுவுல படுக்கணும்னா தென்னை நிழல் இருக்கு, வாடகைக்குக் குடையும் இருக்கு. தோல் எரியும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். நிறம் போயிடும்னு சொல்லாதீங்க. இருக்கற நிறம் நல்ல நிறம்தான்.

"காசு செலவழிச்சு வந்து தூங்கறதா?" ஆமாம். வேற எதுக்கு வந்தீங்க? பாத்த இடங்களோட பட்டியல் நீளறதுதான் லாபம்னு நினைக்கறது ஆபீஸ் புத்தி. அதை ஆபீஸ்லயே விட்டுட்டு வாங்க.

"போன தடவை போனோம், கடலே சரியில்லை." இது பாதி உண்மை. அமெரிக்காக்காரங்களும் வளைகுடாக்காரங்களும் பள்ளிக்கூட லீவுக்கு ஜூன், ஜூலைல போறோம். அது தென்மேற்குப் பருவமழைக் காலம். அலை சீறும், மணலை வாரிட்டுப் போகும், லைஃப்கார்டு சிவப்புக் கொடி நட்டு வெச்சிருப்பார். மழைக்காலம் முடிஞ்சு கடல் அடங்கினதும் அதே அலை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொண்டு வந்து போடும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைதான் கோவளம் கோவளமா இருக்கும். டிசம்பர்ல டிக்கெட் விலை எகிறும்தான், தெரியும். ஒரு தடவையாவது போய்ப் பாருங்க.

"பொம்பளைங்க எப்படிங்க படுக்கறது? நாலு பேர் முறைச்சுப் பாப்பான்." இது சாக்கு இல்லை, நிஜமான பிரச்சினை. வெள்ளைக்காரப் பெண்ணையும் முறைக்கறாங்க, நம்ம பெண்ணையும் முறைக்கறாங்க. ஆனா அதுக்காகக் கார்லயே உக்காந்திருக்கறது பரிகாரமா? பெங்களூர்ல ஆரம்பிச்ச பிளாங்க் நாய்ஸ் அமைப்பு 'மீட் டு ஸ்லீப்'னு ஒண்ணு நடத்தியிருக்காங்க. பெண்கள் கூட்டமாப் பொதுப் பூங்காவுக்குப் போய்ப் பாயை விரிச்சுத் தூங்கறது. கோஷம் கிடையாது, பேனர் கிடையாது, தூக்கம் மட்டும்தான். ஒருத்தி படுத்தா வேடிக்கை, முப்பது பேர் படுத்தா வழக்கம். நம்ம குடும்பமே ஒரு டெம்போ டிராவலர் நிறையப் போகுதே, அதுல ஆறு பெண்கள் புடவையோ சுடிதாரோ போட்டபடியே படுக்கட்டும். யாரும் நீச்சல் உடைக்கு மாறச் சொல்லல. ஆம்பளைங்க பிள்ளைங்களைப் பாத்துக்கட்டும். ஒரு மணி நேரம், ஒரு "அம்மா தண்ணி" கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. :-)

இதெல்லாம் இருக்கட்டும், பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கரை நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. சங்குமுகத்துல 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் மழைக்காலத்துக்கு மழைக்காலம் மணல் போச்சு. 2021 மே மாசம் டவ்தே புயல் சமயத்துல விமான நிலையம் போற சாலையே இடிஞ்சு விழுந்துச்சு. விழிஞ்ஞம் துறைமுகத்தோட அலைத்தடுப்புச் சுவர்தான் காரணம்னு மீனவர்கள் சொல்றாங்க, துறைமுகத் தரப்பு ஒத்துக்கல. 2022-ல அவங்க நூறு நாளுக்கு மேல போராடினாங்க. 2025 மே மாசம் துறைமுகத்துக்குத் திறப்பு விழா நடந்துச்சு. அதே மாசக் கடைசியில கொச்சிக்கு அப்பால எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கி, அதுல இருந்த பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் கரை வரைக்கும் வந்து ஒதுங்குச்சு.

போராடினது யாரு? அந்த மணல்ல வேலை செஞ்சு, அந்த மணல்லயே தூங்கினவங்க. நாம? ஏர்போர்ட் ரோடு பிளாக்னு டிரைவர் சொன்னதைக் கேட்டு "சே"ன்னோம். நாற்பது நிமிஷம் நின்ன இடத்து மேல யாருக்கு என்ன பாசம் வரும்? முதுகுல மணல் ஒட்ட, காதுல அலைச் சத்தத்தோட ஒரு தடவை தூங்கி எழுந்தவனுக்கு, அந்த மணல் போச்சுன்னா வயித்தைக் கலக்கும்.

1996-ல கமல்நாத் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. கடற்கரை, ஓடற தண்ணி, காடு எல்லாம் பொதுமக்களோட அனுபவத்துக்கானது, அரசாங்கம் அதுக்கு அறங்காவலர் மட்டும்தான். கோயிலுக்குத் தர்மகர்த்தா மாதிரின்னு வெச்சுக்குங்களேன். சாமி கும்பிடவே யாரும் வராத கோயில் நிலத்துக்கு என்ன கதி ஆகும்னு நமக்குத் தெரியாததா? பக்தர்கள் வந்துக்கிட்டே இருந்தாத்தான் தர்மகர்த்தாவுக்கும் பயம் இருக்கும்.

அதனால அடுத்த டிசம்பர்ல கன்யாகுமரி அஸ்தமனத்தை விட்டுத் தள்ளுங்க. அதே சூரியன்தான், கோவளத்துலயும் ஆறு மணிக்கு மேல கடல்லதான் இறங்குது. நாலு மணிக்குத் துண்டை விரிங்க. மாமியாரையும் கூட்டிட்டுப் போய் முதல்ல அவங்களைப் படுக்க வைங்க. நம்மளை விட அவங்களுக்குத்தான் அந்தத் தூக்கம் ரொம்ப நாள் பாக்கி.